ஊறல்

என் அப்பத்தாவுக்கு இப்போது 84 வயது. கண் மங்கிவிட்டது, காது பாதிதான் கேட்கும். மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. குழம்பில் பெருங்காயம் கூடிப்போனால் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும்.

போன தை மாதம் பெங்களூரிலிருந்து ஆரப்பாளையம் வீட்டுக்கு வந்திருந்தேன். பொங்கல் விடுமுறையோடு ஒரு வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம். யூடியூபில் ஐரோப்பியப் பெண் ஒருவர் வீட்டிலேயே மூலிகை டிஞ்சர் செய்யும் வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. செய்முறை எளிது. ஒரு பங்கு மூலிகை, ஐந்து பங்கு ஓட்கா, மூடி போட்ட கண்ணாடி ஜாடி, தினமும் ஒரு குலுக்கு. சில நாட்கள் கழித்து வடிகட்டினால் வருடக்கணக்கில் கெடாது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 150 கிராம் சுக்கு வாங்கினேன். டாஸ்மாக்கில் 750 மில்லி ஓட்கா. சுக்கை இடித்து ஜாடியில் போட்டு ஓட்காவை ஊற்றி, பரணில் பழைய குக்கருக்குப் பின்னால் வைத்தேன்.

எனக்கு வயிறு அடிக்கடி தகராறு செய்யும். வீட்டில் இருக்கும்வரை அப்பத்தா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும், சரியாகிவிடும். பெங்களூரில் அதைச் செய்ய ஆளும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. அப்பத்தாவின் கஷாயத்தைப் பாட்டிலில் அடைத்து எடுத்துப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். இஞ்சினியர் மூளைக்கு அது ரொம்ப சரியாகத் தோன்றியது.

மூன்றாவது நாள் குலுக்குவதற்காக மூடியைத் திறந்தபோது அப்பத்தா அடுப்படி வாசலில் நின்றது.

"என்னத்தடா ஊற வச்சிருக்க?"

"மருந்து அப்பத்தா. சுக்கு."

"சுக்கு தெரியுது. அதுக்குள்ள என்ன ஊத்திருக்க?" கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "உங்க தாத்தா மேல அடிச்ச வாசம்டா இது" என்றது.

பிறகு நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வதற்காகத்தான்.

*

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஆங்கில மருந்தியலில் டிஞ்சர் என்றால் மதுசாரத்தில் மூலிகையை ஊறவைத்து எடுத்த சாரம். தமிழில் இதற்கு இயல்பாக வரும் சொல் 'ஊறல்'. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? 'மலையடிவாரத்தில் பதுக்கிய 500 லிட்டர் ஊறல் அழிப்பு' என்கிற மாதிரி பேப்பர் செய்திதான். கள்ளச்சாராயம் காய்ச்ச வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்க வைப்பதற்குப் பெயர் ஊறல். எந்த வீட்டுப் பரணிலும் இருக்கலாம் என்றிருந்த ஒரு சொல், போலீஸ் அழிக்க வேண்டிய பொருளுக்குப் பெயராகிவிட்டது.

சித்த மருத்துவத்தில் அதே சொல்லுக்கு வேறு வாழ்க்கை உண்டு. அங்கே மருந்துகளை உள்ளே சாப்பிடும் அக மருந்து 32 வகை, வெளியே பயன்படுத்தும் புற மருந்து 32 வகை என்று பிரிக்கிறார்கள். அக மருந்துப் பட்டியலில் 'தேனூறல்' என்று ஒன்று இருக்கிறது. இஞ்சியையோ நெல்லியையோ தேனில் ஊறவைப்பது. சாராயத்தில் ஊறவைப்பது அந்த 32-ல் ஒரு வகையாக இல்லை.

அந்தப் பட்டியலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறார்கள், நம்ம எக்ஸ்பைரி டேட் மாதிரி. சாறு, குடிநீர், கற்கம் இவற்றுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். நெய்க்கும் இளகத்துக்கும் ஆறு மாதம். எண்ணெய்க்கும் தேனூறலுக்கும் ஒரு வருடம். செந்தூரத்துக்கு 75 வருடம், பற்பத்துக்கு 100, சுண்ணத்துக்கு 500. நீர் குறையக் குறைய, நெருப்பு கூடக் கூட ஆயுள் கூடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ஆயுள் கூடக் கூட மருந்து வீட்டை விட்டு வெளியே போகிறது. செந்தூரத்தையும் பற்பத்தையும் புடம் போடத் தெரிந்த வைத்தியர்தான் செய்ய முடியும். மூன்று மணி நேர ஆயுள் உள்ள குடிநீர் அடுப்படியில், வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிறது. அதை விற்க முடியாது, சேர்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

டிஞ்சர் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அடுப்பு வேண்டாம், புடம் வேண்டாம், வருடக்கணக்கில் கெடாது. பாட்டிலில் அடைத்தால் கப்பலில் கூட அனுப்பலாம்.

*

அனுப்பவும் செய்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி, 1813-ல் சென்னையில் ஒரு மருந்துப் பொருள் நூலை அச்சிட்டார். நம்மூர்க் கடைவீதிச் சரக்குகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு பட்டியலிட்ட புத்தகம். சீமையிலிருந்து மருந்து வரவழைப்பது செலவு, வருவதற்குள் பாதி கெட்டும் போகும். அதனால் உள்ளூர்ச் சரக்கை அறிவது அவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. அந்தத் தேவையின் உச்சம் 1868-ல் எட்வர்ட் ஜான் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூல். அடுத்த வருடமே அதற்குத் துணைநூல் எழுதியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் முகைதீன் ஷெரீப். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் மாறும் பெயர்களை ஒழுங்குபடுத்தியது அவருடைய பெரிய உழைப்பு.

வாரிங்கின் நூலில் நம்ம நிலவேம்பும் இருக்கிறது, டிஞ்சராக. நிலவேம்பு வேரையும், வெள்ளைப்போளத்தையும், கரியபோளத்தையும் மூடிய பாத்திரத்தில் ஏழு நாள் பிராந்தியில் ஊறவைத்து வடிகட்டச் சொல்கிறது அந்தச் செய்முறை. நான் யூடியூபில் பார்த்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருளை 1911-ல் கோர்ட்டர் என்பவர் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, மதுசாரத்தில் நன்றாகக் கரையும். இஞ்சியின் காரத்துக்குக் காரணமான பிசினும் அப்படித்தான். கரைகிறது என்பதால் நோய் தீர்கிறது என்று ஆகிவிடாது, அது தனிக் கேள்வி. ஆனால் ஒரு செடியிலிருந்து சில பொருட்களை உருவி எடுக்கத் தண்ணீரை விட மதுசாரம் கெட்டிக்காரக் கரைப்பான் என்பதில் சந்தேகமில்லை.

இந்தப் புது மருத்துவம் மதுரைக்கு வந்த வழி சுவாரசியமானது. யாழ்ப்பாணம் வழியாக வந்தது. அமெரிக்க மிஷன் முதலில் கால் ஊன்றியது யாழ்ப்பாணத்தில். அங்கிருந்துதான் 1834-ல் மதுரைக்கு ஆள் அனுப்பி மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். இன்று கீழவெளி வீதியில் இருக்கும் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை அந்தக் கிளையில் முளைத்ததுதான்.

யாழ்ப்பாணத்துத் தாய் மிஷனில் 1847-ல் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்த மாணவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்பதைக் கவனித்தார். 1864-லிருந்து பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று வரிசையாகத் தமிழில் மருத்துவ நூல்கள் வந்தன. வேதியியலுக்குத் தமிழில் பெயர் தேடி 'கெமிஸ்தம்' என்று வைத்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. இந்திய மருந்து நூலின் தமிழாக்கம் 'இந்து பதார்த்த சாரம்' என்ற பெயரில் 1888-ல் அச்சானது. கிறீன் 1884-லேயே இறந்துவிட்டார்.

அவருடைய எண்ணம் எளிமையானது. பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று அதைக் கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் அவர்கள் மொழியில் தெரிய வேண்டும். அவருக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டுக் கதையில் இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

*

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் நீண்டு, 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடல். மருந்துக்கடையை மட்டும் யாரும் மூட முடியாது.

அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கைக் கொள்கையாகச் சொல்கிறது. கூடவே மருத்துவத் தேவை தவிர என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. 1951-ல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் சில பிரிவுகளைச் செல்லாது என்றது. மதுசாரம் கலந்த மருந்தையும் வாசனைப் பொருட்களையும் ஒருவர் வைத்திருப்பதையே தடுக்க முடியாது என்பது தீர்ப்பு. நியாயமான தீர்ப்புதான். இருமல் மருந்து வைத்திருக்கும் பாட்டியை ஜெயிலில் போட முடியுமா?

ஆனால் எந்த விதிக்கும் விலக்கு வைத்தால் கூட்டம் அங்கேதான் போகும். கோட் எழுதும் எல்லோருக்கும் தெரியும், எட்ஜ் கேஸ் என்று நாம் ஒதுக்கியதைத்தான் பயனர் முதலில் கண்டுபிடிப்பார். மதுவிலக்குக் காலத்தில் தமிழ்நாட்டுக் குடிகாரர்கள் கண்டுபிடித்தது இஞ்சி டிஞ்சர். லத்தீன் பெயர் டிங்சுரா ஜிஞ்சிபெரிஸ். நம்ம ஆட்கள் வாயில் அது 'ஜிஞ்சர்' ஆனது.

ஏன் ஜிஞ்சர்? இஞ்சிப் பிசின் கரைய வேண்டுமானால் மதுசாரம் ரொம்பக் கெட்டியாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 90 சதவீதம். வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் சில துளிகள் கலந்து குடிக்க வேண்டிய மருந்து. 100 மில்லி பாட்டிலில் சுமார் 90 மில்லி சுத்த மதுசாரம். இன்று டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி 42.8 சதவீதம். அதில் இதே அளவு மதுசாரம் வேண்டுமானால் 210 மில்லி குடிக்க வேண்டும், ஒரு குவார்ட்டருக்கும் மேலே. சட்டைப் பையில் அடங்குகிற சீசா. போலீஸ் பிடித்தால், வயிற்று வலி சார்.

இந்தத் தந்திரம் நம்முடையது மட்டுமில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது அங்கே ஏழைகள் குடித்ததும் இதே இஞ்சிதான், ஜமைக்கா ஜிஞ்சர். செல்லமாக 'ஜேக்'. குடிக்க முடியாதபடி காரமாக இருக்கட்டும் என்று, அதில் இஞ்சிச் சத்து இவ்வளவு இருக்க வேண்டும் என அரசு விதி வைத்தது. மதுசாரத்தைக் கொதிக்கவிட்டு மிஞ்சும் கசடை எடை போட்டுச் சோதிப்பார்கள். 1930-ல் பாஸ்டன் வியாபாரிகள் இருவர் இஞ்சிக்குப் பதிலாக, எடை சரியாக வரட்டும் என்று, பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் ஒரு பாஸ்பேட் சேர்மத்தைக் கலந்தார்கள். சோதனையில் பாஸ். குடித்த பல்லாயிரம் பேருக்குக் கால் நரம்புகள் செத்துப்போயின. பாதத்தைத் தூக்க முடியாமல் தட்டித் தட்டி நடக்கும் அந்த நடைக்கு 'ஜேக் கால்' என்றே பெயர் வந்தது. குடிப்பதைத் தடுக்க வைத்த விதிதான் விஷத்துக்கு வழி காட்டியது.

இந்திய அரசு 1955-ல் மதுசாரம் கலந்த மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே வரிச் சட்டம் கொண்டுவந்தது. 2017 வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டத்தின் விதிகளில் சாதாரண மதுவாகக் குடிக்கத்தக்க தயாரிப்புகள் என்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. ஒரு பாட்டில் மருந்தா சரக்கா என்பதை அதைக் குடிப்பவரின் வாயை வைத்து முடிவு செய்யப் பார்த்த முதல் சட்டம் என்று எனக்குத் தோன்றும். இன்றும் 12 சதவீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள ஹோமியோபதி மருந்தைக் கடையில் 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது. ஏன் இவ்வளவு சின்ன பாட்டில் என்று யோசித்திருக்கிறேன். அந்த 30 மில்லிக்குப் பின்னால் இந்த வரலாறெல்லாம் இருக்கிறது.

*

தாத்தா மில் தொழிலாளி. நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு 11 வயதாக இருக்கும்போது, 1971 சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி. அதே வருடம் ஆகஸ்ட் 30 அன்று கலைஞர் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. தாத்தா வாழ்ந்து குடித்தது முழுக்க மதுவிலக்குக் காலத்தில்.

வீட்டில் இதைப் பேச மாட்டார்கள். மஞ்சள் காமாலை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஜாடியின் மூடி திறந்த அன்றுதான் அப்பத்தா பேசியது.

"சம்பள நாளைக்கு மருந்துக் கடைல சீசா வாங்கிட்டு வருவாக. என்னங்க இதுன்னா, மருந்து புள்ள, வயித்துக்குன்னு சொல்லுவாக. சீட்டு ஒட்டிருக்கும். இங்கிலீசுல. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. மருந்துன்னுதான் நெனச்சேன். நானே தண்ணி கலந்து குடுத்துருக்கேன்."

"எப்ப தெரிஞ்சுச்சு அப்பத்தா?"

"தண்டட்டிய வித்த அன்னைக்கு. மருந்துக்குப் போயி யாராச்சும் தண்டட்டிய விப்பாகளா?"

அப்பத்தாவின் நீண்டு தொங்கும் காது மடல்களை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தண்டட்டி எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிறீன் தமிழில் எழுதியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மானிப்பாயில் ஒருவர் மருந்துகளைத் தமிழில் எழுதி நூறு வருடம் கழித்து, ஆரப்பாளையத்தில் ஒரு பெண் சீட்டைப் படிக்க முடியாமல் புருசனுக்கு அதைக் கலந்து கொடுத்திருக்கிறாள். சீட்டு தமிழில் இருந்திருந்தாலும் அப்பத்தாவால் படித்திருக்க முடியாது என்பது உண்மைதான். பக்கத்து வீட்டில் யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள்.

*

சரி, என் ஜாடிக்கு வருவோம். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம், ஏனென்றால் வீடியோ பார்த்துவிட்டு இதைச் செய்ய நினைப்பவர்கள் இருப்பீர்கள். அந்த ஐரோப்பியப் பெண் சொல்லும் 90 சதவீதச் சுத்த மதுசாரம் நம்மூரில் லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடியாது. கடையில் ஸ்பிரிட் என்று கிடைப்பது குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே கெடுக்கப்பட்டது, பெரும்பாலும் மெத்தனால் கலந்து. வாசனையில் வித்தியாசம் தெரியாது. மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனாலால்தான். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மூலிகை போட்டு ஊறவைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஆக, எது மருந்து எது மது எது தொழிற்சாலை ஸ்பிரிட் என்ற கேள்வி முடியவே இல்லை. 2024 அக்டோபரில்கூட உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, போதை தரும் மது என்ற சொல்லுக்குள் தொழிற்சாலை மதுசாரமும் அடங்குமா என்று விவாதித்தார்கள். அடங்கும், மாநில அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் முடிவானது.

நம் அரசு மூலிகையை மக்களுக்குக் கொடுக்க நினைத்தபோது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பாருங்கள். 2012 டெங்கு சமயத்தில் நிலவேம்புக் குடிநீர். 2020 கொரோனாவில் கபசுரக் குடிநீர். அதன் பலன் பற்றி மருத்துவர்களுக்குள் சண்டை ஓயவில்லை, நான் அதில் தலையிடவில்லை. வடிவத்தைத்தான் சொல்கிறேன். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. பிராந்தி வேண்டாம், தண்ணீர் போதும். தெருமுனையில் எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சி டம்ளரில் ஊற்றினார்கள். வாரிங்கின் புத்தகத்தில் பிராந்திக்குள் போன நிலவேம்பு, 150 வருடம் கழித்து மூன்று மணி நேர ஆயுளுக்கே திரும்பி வந்துவிட்டது. குடிநீரை யாரும் போதைக்காகக் குடிக்கப்போவதில்லை. அந்தக் கசப்புக்கு ஒரு டம்ளரே அதிகம்.

*

ஏழாவது நாள் வடிகட்டினேன். வேட்டித் துணியில் பிழிந்தபோது பொன்னிறத்தில், அழகாகவே வந்தது. அப்பத்தா முற்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு குடிக்கணும்?"

"முப்பது சொட்டு அப்பத்தா. தண்ணில."

"அங்க பெங்களூருல யாருடா எண்ணுவா?"

என்னிடம் பதில் இல்லை. கஷாயம் கொடுக்கும்போது அப்பத்தா அளவு பார்க்காது. டம்ளரை நீட்டும்போது முகத்தைப் பார்க்கும். நேற்று என்ன தின்றேன் என்று கேட்கும், இரண்டாவது டம்ளர் கேட்டால் போதும் என்று சொல்லிவிடும். நான் பாட்டிலில் அடைக்க நினைத்ததில் இதெல்லாம் சேரவில்லை. சட்டம் 30 மில்லி என்று எழுதிவைத்திருப்பது இப்படிப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாத வீடுகளுக்காகத்தான் போல. தாத்தா விஷயத்தில் பக்கத்தில் ஆள் இருந்தது. அவளுக்கு எண்ண வேண்டிய பொருள் என்னவென்று சொல்லப்படவில்லை.

கொட்டிவிடவா என்று கேட்டேன். அம்மா கொட்டு என்றது. அப்பத்தா கையை நீட்டி சீசாவை வாங்கிக்கொண்டது.

"சுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? உள்ளுக்குக் குடுக்காத. முட்டிக்குத் தேய்ச்சுக்கிறேன்."

32 அக மருந்துகளில் இடமில்லாத என் ஊறல் அப்படிப் புற மருந்தானது. ராத்திரி படுக்கும்முன் அம்மா அப்பத்தாவின் முழங்காலில் தேய்த்துவிடும். வீடு முழுக்க அந்த வாசம். அப்பத்தா ஒன்றும் சொல்வதில்லை, கண்ணை மூடிக்கொள்ளும்.

நான் பெங்களூருக்குக் கால் கிலோ சுக்குப் பொடியும் ஒரு சின்ன பித்தளைச் சட்டியும் எடுத்து வந்தேன். வயிறு சரியில்லாத நாளில் அடுப்பில் வைத்துவிட்டு வீடியோ கால் போடுகிறேன். "கொதிக்க விடு, கொதிக்க விடு, இன்னும் பாதி சுண்டல" என்று அப்பத்தா அங்கிருந்து சத்தம் போடும். போனில் அதற்குச் சட்டி சரியாகத் தெரிவதே இல்லை.